பிடியரிசியும் பரிந்துரைக் கடிதமும்

ஏழை ஒருவரின் அறுவைச் சிகிச்சைக்காக அறிந்தோரும் அறியாதோரும் சேர்ந்து பொருள் திரட்டித் தருவது இன்று நாம் அன்றாடம் காணும் காட்சிகளுள் ஒன்றாகிவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் ஒரு குழந்தையின் படம். அதன் கீழே நோயின் பெயர், மருத்துவமனை தந்த மதிப்பீட்டுச் சீட்டு, தேவைப்படும் தொகை, இதுவரை சேர்ந்த தொகை. நம் பங்குகளிலும் திருப்பலியின் முடிவில் இத்தகைய அறிவிப்பு ஒன்றேனும் அடிக்கடி வாசிக்கப்படுகின்றது. கோவில் வாசலில் துண்டு விரித்து இருவர் நிற்க, மக்கள் தம்மால் இயன்றதை இட்டுச் செல்கின்றனர்.

இது கணினிக் காலம் ஈன்ற புதுமை என்று எண்ணுவோர் பலர். கருவி புதியதுதான், செயலோ மிகப் பழையது. நோயுற்றவனைக் காக்கப் பலருடைய சிறு காசுகளை ஒன்றாகச் சேர்க்கும் வழக்கம் திருச்சபையோடு உடன் பிறந்தது எனலாம். ஆனால் அவ்வழக்கம் எல்லாக் காலத்திலும் ஒரே வடிவில் இருந்ததில்லை. சில காலங்களில் அது நோயாளியின் மாண்பைக் காத்தது; சில காலங்களில் அவனைக் கையேந்தி நிற்க வைத்தது. எனவே அதன் வரலாற்றைப் புரட்டும்போது மூன்று வினாக்களைக் கையில் வைத்துக்கொள்வது நலம். கொடுப்பவர் யார்? நோயாளியைத் தேர்ந்தெடுப்பவர் யார்? உதவியைப் பெறுவதற்காக நோயாளி எதைக் கைவிட நேர்கின்றது?

வாரத்தின் முதல் நாள்

எருசலேம் திருச்சபையின் ஏழைகளுக்காகத் திருத்தூதர் பவுல் கிரேக்க நாட்டுச் சபைகளில் நிதி திரட்டிய செய்தியை நாம் அறிவோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில் அவர் தரும் ஏற்பாடு மிக எளியது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். தாம் வந்த பிறகு அவசரமாகத் திரட்டும் நிலை ஏற்படக்கூடாது. உள்ளம் உருகும் நேரத்தில் கொடுப்பதைவிட முறையாக எடுத்து வைப்பதையே அவர் விரும்பினார் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் இன்னும் இரு செய்திகள் உள்ளன. ஒன்று, கணக்கைப் பற்றியது. இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் எவரும் தம்மைக் குறைகூற இடமளிக்கக்கூடாது என்று கருதிய பவுல், சபைகள் தேர்ந்தெடுத்த நம்பிக்கைக்குரிய ஒருவரையும் உடன் அனுப்புகின்றார். ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. மற்றொன்று, சமநிலையைப் பற்றியது. ஒருவரின் மிகுதி மற்றவரின் குறையை நிரப்ப வேண்டும் என்பதற்குப் பாலைவனத்து மன்னாவை அவர் சான்று காட்டுகின்றார். ஆகவே அவருடைய பார்வையில் இந்நிதி இரக்கத்தின் செயல் மட்டுமன்று, நீதியின் செயலும் ஆகும்.

நூறு ஆண்டுகள் கடந்து, ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் வாழ்ந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கின்றார். வசதியுள்ளோர் விரும்பியதைக் கொடுக்க, அது சபைத் தலைவரிடம் சேர்க்கப்படும். அவர் அநாதைகள், கைம்பெண்கள், நோயினால் வறுமையுற்றோர், சிறையிலிருப்போர், வழிப்போக்கர் ஆகியோரைப் பேணுவார். நற்கருணைக் கொண்டாட்டத்தின் விவரிப்பிலேயே நோயாளிக்கான நிதியும் இடம் பெற்றுவிட்டதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 197இல் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் இத்தகைய பொதுப் பெட்டியைப் பற்றி எழுதுகின்றார். மாதத்தில் ஒரு நாள் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி சிறு தொகையை இடுவர், கட்டாயம் இல்லை.

இப்பெட்டியில் காசு இட்டவன் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பதை அறிந்திருக்கவில்லை. பெற்றவனும் கொடுத்தவனின் பெயரை அறியான். தேர்வு, சபையின் பெயரால் பொறுப்பாளர் ஒருவரிடம் இருந்தது. இப்பெட்டியிலிருந்தே பின்னாளைய கிறிஸ்தவ மருத்துவமனை முளைத்தது. 370இல் செசரியாவின் ஆயரான புனித பெரிய பசிலியார் நகருக்கு வெளியே எழுப்பிய அறச்சாலையில் மருத்துவர்களும் பணிவிடை செய்வோரும் இருந்தனர். தொழுநோயாளரும் அங்கே ஏற்கப்பட்டனர். அடுத்த சில பத்தாண்டுகளில் உரோமையில் பபியோலா என்னும் செல்வப் பெண்மணி தம் உடைமைகளை விற்று நோயாளர் இல்லம் ஒன்றை நிறுவியதைப் புனித எரோணிமுஸ் பதிவு செய்துள்ளார்.

வாசலில் ஏற்றிய விளக்கு

இடைக்கால இத்தாலியின் புளோரன்சு நகரம் இவ்வரலாற்றில் ஒரு தனி இடத்தைப் பெறுகின்றது. அந்நகரத்து மிசெரிகோர்தியா என்னும் இரக்கத்தின் சகோதர சபை 1244இல் தோன்றியது என்பது அவர்களின் மரபு. நோயாளரைத் தூக்கிச் செல்வதும் திக்கற்றோரை அடக்கம் செய்வதும் அவர்களுடைய பணி. பணியின்போது அவர்கள் முகத்தை மூடும் முக்காட்டு அங்கி அணிந்திருந்தனர். தம்மைத் தோளில் சுமந்து செல்பவர் செல்வரா கைவினைஞரா என்பதைக் கட்டிலில் கிடந்த நோயாளி அறிய இயலாது.

இதே நகரில் 1442இல் தொமினிக்கன் துறவியான புனித அந்தோனினுஸ் பன்னிரு பொதுநிலையினரைக் கொண்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர் பின்னர் அந்நகரத்தின் பேராயரானவர். புனித மார்ட்டின் பெயரால் வழங்கும் ‘நல்ல மனிதர்கள்’ என்பது அவ்வமைப்பின் பெயர். அவர்களின் கவலை ‘வெட்கப்படும் ஏழைகள்’ என்று அழைக்கப்பட்டோரைப் பற்றியது. நல்ல நிலையில் வாழ்ந்து, நோயினாலோ தொழில் முடக்கத்தினாலோ அரசியல் மாற்றத்தினாலோ வீழ்ந்து, தெருவில் கையேந்த நாணி வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்த குடும்பங்கள் அவை. அப்பன்னிருவரும் நகரைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, அமைதியாக விசாரித்து, மறைவாகக் கொண்டு சேர்த்தனர். பெற்றவரின் பெயர் வெளியே வரலாகாது என்பது அவர்களின் முதல் ஒழுங்கு. அவர்களுடைய சிற்றாலயத்தின் சுவரோவியங்களில் இரக்கச் செயல்கள் தீட்டப்பட்டுள்ளன. பிள்ளை பெற்ற ஏழைத் தாயின் படுக்கையருகே அவர்கள் நிற்கும் காட்சி அவற்றுள் ஒன்று.

வந்த பணத்தைச் சேமித்து வைக்காமல் கொடுத்துவிடுவதும் அவர்களின் ஒழுங்கே. கையிருப்பு தீர்ந்ததும் தம் வாசலில் ஒரு மெழுகுவிளக்கை ஏற்றி வைப்பர் என்றும், அதைக் கண்ட நகரமக்கள் பெட்டியில் காசு இடுவர் என்றும் மரபு கூறும். தேவையை ஊர் அறியவேண்டியது இன்றியமையாதது. ஆனால் ஊர் கண்டது விளக்கைத்தான், நோயாளியின் முகத்தையன்று. அவ்வமைப்பு இன்றளவும் பணி செய்கின்றது.

பரிந்துரைக் கடிதம்

18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்கு வருவோம். அரசன் எட்டாம் என்றியின் காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டதோடு அவற்றைச் சார்ந்த நோயாளர் இல்லங்கள் பலவும் மறைந்தன. அவ்விடத்தை நிரப்ப, 1716இல் இலண்டனில் சிலர் ஒன்றுகூடித் தொடங்கிய முயற்சி, 1720 அளவில் வெஸ்ட்மின்ஸ்டரில் சந்தாப் பணத்தால் நடக்கும் மருத்துவமனையாக உருவெடுத்தது. அதைப் பின்பற்றி நாடெங்கும் தன்னார்வ மருத்துவமனைகள் எழுந்தன. அரசின் பணம் இல்லை. பலர் கூடி ஆண்டுதோறும் செலுத்திய சந்தாவே அவற்றின் உயிர். அறுவை மருத்துவர்களும் பொதுவாக ஊதியம் பெறாமல் பணியாற்றினர். எண்ணற்ற ஏழைகள் அங்கே நலம் பெற்றனர் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பொதுப் பெட்டிக்கும் இம்முறைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. சந்தா செலுத்தியவருக்கு நோயாளியைப் பரிந்துரைக்கும் உரிமையும் கிடைத்தது. எவ்வளவு சந்தாவோ அதற்கேற்ப ஆண்டுக்கு இத்தனை நோயாளர் என்று கணக்கு இருந்தது. விபத்தில் அடிபட்டுக் கொண்டுவரப்பட்டோரைத் தவிர, ஏனையோர் சந்தாதாரர் ஒருவரிடம் கடிதம் பெற்று வந்தாலன்றி உள்ளே ஏற்கப்படமாட்டார்கள். எனவே நோயுற்ற ஏழை முதலில் தேடவேண்டியது மருத்துவரையன்று, கடிதம் தரக்கூடிய கனவானையே. நல்லொழுக்கமும் பணிவும் உள்ளவன் என்ற பெயர் இருந்தால் கடிதம் எளிதில் கிடைக்கும். ஊருக்குப் புதியவன், பேசத் தெரியாதவன், முதலாளியிடம் மனக்கசப்புக் கொண்டவன் ஆகியோரின் நிலை வேறு. நலமடைந்து வீடு திரும்புவோர் பரிந்துரைத்தவருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நன்றி செலுத்தவேண்டும் என்ற விதி பல இடங்களில் இருந்தது. சில மருத்துவமனைகளில், நன்றி கூறத் தவறியவன் மறுமுறை ஏற்கப்படமாட்டான்.

இம்முறையின் குறையை ஒரு நிகழ்வு வெளிச்சமிட்டுக் காட்டிற்று. 1827ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வில்லியம் மார்ஸ்டன் என்ற இளம் அறுவை மருத்துவர், இலண்டனின் ஹோல்பர்ன் பகுதியில் புனித அந்திரேயா கோவிலின் படிக்கட்டில் ஓர் இளம்பெண் நோயோடும் பசியோடும் சாகக் கிடப்பதைக் கண்டார். எந்த மருத்துவமனையிலும் அவளைச் சேர்க்க அவரால் இயலவில்லை. அவளுக்குக் கடிதம் தருவார் எவரும் இலர். இரண்டொரு நாளில் அவள் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு, 1828இல், ஹாட்டன் கார்டன் பகுதியின் சிறு வீடொன்றில் மார்ஸ்டன் ஒரு மருத்துவ நிலையத்தைத் திறந்தார். அங்கே கடிதம் தேவையில்லை. ஏழை என்பதும் நோயாளி என்பதும் போதும். பிற்காலத்தில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை என்று பெயர்பெற்றது அதுவே. 1832இல் காலரா பரவியபோது அது தன் கதவைத் திறந்தே வைத்திருந்தது.

வாக்குச் சீட்டில் நோயாளி

கடிதமுறையைவிடக் கடுமையான வேறொன்றும் அக்காலத்தில் இருந்தது. ஆண்ட்ரூ ரீட் என்ற சபை ஊழியர் 1854இல் தீராநோயாளருக்கென ஓர் இல்லத்தை நிறுவினார். பொது மருத்துவமனைகள் ஏற்க மறுத்த முடவர்களுக்கும் வாதநோயாளருக்கும் அது புகலிடமாயிற்று. நோக்கம் மிக உயர்ந்தது. ஆனால் இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல. யாரைச் சேர்ப்பது? சந்தாதாரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வில்லம் மட்டுமன்றி, அக்காலத்து அநாதை இல்லங்கள் பலவும் இவ்வாறே இயங்கின.

இதன் விளைவு என்னவென்பதை எண்ணிப் பார்க்கலாம். நோயாளியின் உறவினர் அவருடைய துயரக் கதையை அட்டைகளில் அச்சிட்டு, சந்தாதாரர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடுவீடாக அனுப்பினர். அஞ்சற் செலவுக்கே கடன் வாங்கவேண்டிய நிலை. அறிமுகமான செல்வர்கள் சிலர் இருந்தால் வெற்றி உறுதி. ஓர் இல்லத்தின் வாக்கை மற்றோர் இல்லத்தின் வாக்குக்காகச் சந்தாதாரர்கள் மாற்றிக்கொள்வதும் நடந்தது. தோற்றவர் அடுத்த தேர்தலுக்காகக் காத்திருப்பார். பலர் மீண்டும் மீண்டும் தோற்றனர். 1870களில் இம்முறைக்கு எதிராக ஓர் இயக்கமே எழுந்தது. செவிலியர் பணியின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் இம்முறையை எதிர்த்தவர்களுள் ஒருவர். மிகுந்த தேவையுள்ளவர் யார் என்பதை வாக்கு எண்ணிக்கை ஒருபோதும் சொல்லாது என்பதே எதிர்த்தோரின் வாதம். வாக்களித்தவர்கள் தீயோர் அல்லர். கையில் வந்த அட்டையைப் படித்து மனமிரங்கியவர்களே. அவர்கள் கையில் வராத அட்டைகளைப் பற்றி அவர்கள் எவ்வாறு அறிவர்?

ஞாயிறும் சனியும்

இக்குறைகளுக்கு ஒரு மாற்று, கோவில்களிலிருந்தே தோன்றியது. 1859இல் பர்மிங்காம் நகரில், குறித்த ஒரு ஞாயிறன்று எல்லாக் கோவில்களிலும் எடுக்கப்படும் காணிக்கையை மருத்துவமனைகளுக்குத் தரும் வழக்கம் தொடங்கிற்று. 1873இல் இலண்டனும் அதைப் பின்பற்றியது. அங்கே பல கிறிஸ்தவ சபைகளின் ஆலயங்களோடு யூதத் தொழுகைக் கூடங்களும் சேர்ந்துகொண்டன. மருத்துவமனை ஞாயிறு என்று அது பெயர்பெற்றது. திரண்ட தொகையை ஒரு குழு, மருத்துவமனைகளின் பணியையும் தேவையையும் ஆராய்ந்து பகிர்ந்தளித்தது. கூலி பெறும் நாளான சனிக்கிழமையில் தொழிலாளர்கள் தம் தொழிற்சாலைகளிலேயே திரட்டியது மருத்துவமனைச் சனியாயிற்று.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்வதைக் காணலாம். இதுவரை கொடுத்தவர் செல்வர், பெற்றவர் ஏழை. இப்போது ஏழைத் தொழிலாளியே தனக்காகவும் தன் அண்டைவீட்டானுக்காகவும் வாரந்தோறும் சில பென்சுகளை எடுத்து வைக்கின்றான். தெற்கு வேல்ஸின் ட்ரெடிகர் என்னும் சுரங்க ஊரில் 1890இல் தொடங்கிய தொழிலாளர் மருத்துவ உதவிக் கழகம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஊதியத்திலிருந்து சிறு தொகை கழிக்கப்பட்டது. காலப்போக்கில் ஊர்மக்களில் மிகப் பெரும்பாலோர் அதன் பாதுகாப்பில் வந்தனர். நோயுற்றபோது எவரிடமும் கதை சொல்லவேண்டியதில்லை. நன்றிக் கடிதம் எழுதவேண்டியதில்லை. அது அவர்களுடைய உரிமை.

அவ்வூரில் 1897இல் பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பீவன் பின்னர் நாட்டின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5இல் அவர் தொடங்கி வைத்த தேசிய நலவாழ்வுப் பணி, ட்ரெடிகரில் கண்டதை நாடு முழுமைக்கும் விரித்தது. சுரங்கத் தொழிலாளிகளின் பென்சு, நாட்டின் வரிப்பணமாயிற்று. வாரத்தின் முதல் நாளில் எடுத்து வைக்கச் சொன்ன திருத்தூதரின் ஏற்பாட்டோடு இது எவ்வளவு நெருங்கி வருகின்றது என்பதை வாசகர்கள் உணர்வர்.

பேருந்தில் கண்ட கோப்பு

இனி நம் காலத்துக்கு வருவோம். சேஸ் ஆடம் என்ற அமெரிக்க இளைஞர் அமைதிப் படைத் தொண்டராக நடு அமெரிக்காவின் கோஸ்தரிக்காவில் பணியாற்றினார். ஒருநாள் அவர் சென்ற பேருந்தில் ஒரு தாய் ஏறி, தம் மகனின் சிகிச்சைக்காகப் பயணிகளிடம் உதவி கேட்டார். மகனின் மருத்துவச் சான்றைக் கோப்பில் வைத்து அனைவருக்கும் காட்டினார். அதைக் கண்ட ஏழைப் பயணிகள் பெரும்பாலோர் கையிலிருந்ததைக் கொடுத்தனர். அந்தத் தாய் ஏறிய ஊரின் பெயர் வாட்சி. அப்பெயரையே வைத்து, 2012இல் ஆடமும் நண்பர்களும் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினர். நேபாளம், குவாத்தமாலா போன்ற நாடுகளின் ஏழை நோயாளர் ஒவ்வொருவரின் படமும் வரலாறும் தேவையான தொகையும் அதில் இடம்பெற்றன. ஐந்து டாலர்கூடக் கொடுக்கலாம். கொடுத்தது முழுவதும் சிகிச்சைக்கே. நிர்வாகச் செலவுக்கு வேறு வழியில் நிதி தேடினர். கணக்குகளை எவரும் காணுமாறு திறந்து வைத்தனர். திருத்தூதர் கேட்ட நேர்மை அங்கே இருந்தது. யாருக்குச் சிகிச்சை தேவை என்பதை உள்ளூர் மருத்துவமனைகளே முடிவுசெய்தன. பல வேளைகளில் பணம் நிறையும்வரை காத்திராமல் சிகிச்சை நடந்தது. செலவு மிகுந்தால் திரும்பி வரும்போது தருவேன் என்று சத்திரக்காரரிடம் உறுதி கூறிய நல்ல சமாரியர் நம் நினைவுக்கு வருகின்றார்.

ஆனால் எல்லாத் தளங்களும் இவ்வாறு அமையவில்லை. 2010இல் அமெரிக்காவில் தோன்றிய கோஃபண்ட்மி போன்றவற்றில் எவரும் தமக்காகவோ உறவினருக்காகவோ விண்ணப்பம் இடலாம். அதைப் பரப்புவதும் அவரவர் பாடு. அத்தளத்தில் திரளும் நிதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மருத்துவத்துக்கே செல்கின்றது என்று அதன் தலைவர் 2019இல் தெரிவித்தார். 2016 முதல் 2020 வரை அமெரிக்காவில் அத்தளத்தில் இடப்பட்ட நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவ விண்ணப்பங்களை ஆய்ந்தோர் கண்ட உண்மை நம்மைச் சிந்திக்க வைக்கும். குறித்த தொகையை எட்டியவை நூற்றுக்கு 12 மட்டுமே. நூற்றுக்கு 16 விண்ணப்பங்களுக்கு ஒரு காசும் வரவில்லை. வருமானம் குறைந்த பகுதிகளில் தேவை மிகுதி. ஆனால் அங்குள்ளோருக்குக் கிடைத்ததோ குறைவு. வசதியுள்ள நண்பர்களைப் பெற்றவருக்கே வசதி சேர்ந்தது.

இந்தியாவிலும் 2010இல் பெங்களூருவில் மிலாப், 2012இல் மும்பையில் கெட்டோ எனத் தளங்கள் தோன்றின. அவை வழியாக நம் தமிழ்நாட்டுக் குழந்தைகள் பலரின் இதய அறுவையும் கல்லீரல் மாற்று அறுவையும் நடந்துள்ளன. அவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட அட்டையோடு வீடுவீடாக அலைந்த அந்தக் குடும்பங்களையும், இன்று படத்தையும் காணொளியையும் குழுவுக்குக் குழு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு அதிகமில்லை. குழந்தையின் படம் பெறும் இரக்கத்தை முதியவரின் படம் பெறுவதில்லை. இதயநோய்க்குக் கிடைப்பது மனநோய்க்குக் கிடைப்பதில்லை. மதுவால் ஈரல் கெட்டவனுக்கு எவரும் பகிர்வதில்லை. அவனுக்கும் மனைவி மக்கள் உண்டு. எழுதத் தெரிந்த அண்ணன் ஒருவன் இருந்தால் தங்கை பிழைப்பாள், இல்லையென்றால்?

வாட்சி அமைப்பினரே பின்னர் இதை உணர்ந்தனர் போலும். ஒவ்வொரு நோயாளிக்காகவும் தனித்தனியே திரட்டுவதோடு நில்லாமல், 2017இல் உகாண்டா நாட்டில் சமூக மருத்துவக் காப்பீட்டு முயற்சி ஒன்றையும் அவர்கள் மேற்கொண்டனர். பேருந்தில் கண்ட கோப்பிலிருந்து தொடங்கியவர்கள் பொதுப் பெட்டிக்கு வந்து சேர்ந்தனர் என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பம்.

நாம் செய்யக்கூடுவது

வரலாறு நமக்குக் காட்டும் பாதை தெளிவானது. முதலாவதாக, சிகிச்சை பெறுவது இரந்து பெறும் பொருளன்று, மனித உரிமை. 1963இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் வெளியிட்ட ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடல், மருத்துவ உதவியையும் நோய்க்காலப் பாதுகாப்பையும் மனிதனின் அடிப்படை உரிமைகளோடு சேர்த்து எண்ணுகின்றது. தமிழ்நாட்டில் 2009 முதல் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 2018இல் நடுவண் அரசின் திட்டமும் இணைந்தபின், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இது நம் வரிப்பணம். நம் அனைவரின் பொதுப் பெட்டி. அட்டை பெறாத குடும்பங்கள் நம் பங்குகளில் இருக்குமானால், அவர்களைக் கைப்பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதே நாம் செய்யக்கூடிய முதல் இரக்கச் செயல். அன்பியக் கூட்டங்கள் இதை எளிதில் செய்யலாம்.

இரண்டாவதாக, எந்தத் திட்டமும் எல்லாவற்றையும் தாங்குவதில்லை. நகரத்து மருத்துவமனைக்குப் போய்வரும் பயணச் செலவு, உடனிருப்பவரின் உணவு, இழந்த கூலி, அறுவைக்குப்பின் மாதக்கணக்கில் வாங்கவேண்டிய மருந்து, திட்டத்தின் பட்டியலில் இல்லாத சிகிச்சை ஆகியவற்றால் குடும்பங்கள் கடனில் மூழ்குகின்றன. இங்கேதான் பங்கின் நிதி தேவைப்படுகின்றது. அறிவிப்பு வாசிக்கப்படும் ஞாயிறுகளில் மட்டும் கொடுப்பதைவிட, மாதந்தோறும் சிறிதளவு எடுத்து வைத்து நோயாளர் நிதி ஒன்றை உருவாக்கலாம். செவிலியர் ஒருவரும் பெண்கள் சிலரும் அடங்கிய சிறு குழு அதை மேற்பார்க்கட்டும். குருவின் விருப்பமும் பங்குப்பேரவைத் தலைவரின் உறவும் அதில் நுழையாதிருக்கட்டும். வரவும் செலவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலர் அறிய வாசிக்கப்பட வேண்டும். பெற்றவரின் பெயர் மட்டும் வாசிக்கப்படலாகாது. பங்கைச் சேராதவர், பிற சமயத்தவர், ஊரில் நற்பெயர் இழந்தவர் எவராயினும் நோயும் இல்லாமையுமே அளவுகோலாக இருக்கட்டும்.

‘முகம் தெரிந்தால்தானே மனம் இரங்கும்? பெயரில்லாத பெட்டிக்கு யார் கொடுப்பார்?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அந்தப் பேருந்துப் பயணிகள் கொடுத்தது, தாயின் முகத்தைக் கண்டதால்தான். நல்ல சமாரியரும் அடிபட்டவனைக் கண்டபின்னரே இரங்கினார். உயிர் போகும் அவசரத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் படத்தைக் காட்டிக் கேட்டால், அவளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கொடுப்பதே நம் கடமை. ஆனால் ஒருமுறை மனம் இரங்கியபின் செய்யவேண்டியது என்ன என்பதே வினா. வீட்டு நிகழ்ச்சிகளில் மொய் எழுதுகின்றோம். அது என்றேனும் திரும்பி வரும் என்ற கணக்கு அதில் உண்டு. நோயாளிக்குக் கொடுப்பது மொய் அன்று. அவர் நம்மை அறியவேண்டியதும் இல்லை, நமக்குக் கடன்படவேண்டியதும் இல்லை. அவரைக் கண்ட இரக்கம், நாம் இன்னும் காணாத அடுத்த நோயாளிக்காக மாதந்தோறும் எடுத்து வைக்கும் பழக்கமாக வளரவேண்டும்.

நம் தாய்மார்களுக்கு இது புதிதன்று. நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு, மாத முடிவில் கோவிலுக்குக் கொண்டுவந்த பிடியரிசி வழக்கம் பல பங்குகளில் இருந்தது. சில இடங்களில் இன்றும் உண்டு. ஏழை வீட்டு அரிசியும் செல்வர் வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கொட்டப்பட்டன. அதை உண்டவர் எவருக்கும் நன்றிக் கடிதம் எழுதவில்லை. அந்தக் கலயத்தை நோயாளருக்காக மீண்டும் அடுப்பருகே வைப்போம்.